பரளச்சி வீட்டில் விளக்கெரிகிறது

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குக் கிளம்புகிற அவசரத்தில்தான் ஸ்டீபன் அதைப் பார்த்தான். அவன் மனைவி ஞானப்பூவின் நெற்றியில் சந்தனப் பொட்டு இருந்தது. கடையில் அட்டையோடு விற்கிற ஒட்டுப்பொட்டு இல்லை. கல்லில் உரைத்து விரலால் அப்பிய பச்சைச் சந்தனம், அதன் நடுவில் ஒரு துளி குங்குமம். ஞானப்பூ வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவள், கல்யாணத்தன்றுகூட நெற்றியை வெறுமையாக வைத்திருந்தவள். வெள்ளைச் சேலையும் கையில் பைபிளுமாக வாசலில் நின்று, "நேரமாச்சு, வாங்க" என்று அவனை அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன ஞானம், புதுசா இருக்கு?"

"எது?"

"நெத்தியில."

அவள் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது. "அடியாத்தி! இது எங்க இருந்து வந்துச்சு? இப்பத்தான முகத்தைக் கழுவினேன்! நீங்கதான் பெயின்டை எடுத்து வெளையாடுறீகளா?"

பெயின்ட் வாசம் ஸ்டீபனுக்குத் தெரியாதா? ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் அவன் வேர்வையிலேயே ஊறியவை. இது சந்தனம்தான். அவள் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். வெள்ளைச் சேலையில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை படிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது விளையாட்டாகச் செய்திருக்கும் என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் சமாதானப்படுத்திக்கொண்டார்கள். சர்ச் ஐயர் பிரசங்கம் செய்த நேரம் முழுக்க ஸ்டீபனுக்கு உட்கார முடியவில்லை. பெஞ்சில் நெளிந்துகொண்டே இருந்தான். வெள்ளையடித்த அந்த உயரமான கூடத்தில் மெழுகுவர்த்தி வாசத்துக்கு நடுவே சந்தன வாசம் விட்டுவிட்டு வந்தது.

ஸ்டீபனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மெட்ராஸில் ஓவியக் கல்லூரியில் படித்தவன். நவீன ஓவியம் என்று என்னென்னவோ வரைந்தான், பார்த்தவர்கள் தலையாட்டினார்கள், ஒருவரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அருப்புக்கோட்டைக்கே திரும்பி வந்து, தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் வீடு பிடித்து, முன்னறையில் கேன்வாஸும் தூரிகையுமாகக் கிடந்தான். தொண்ணூற்றேழில் கம்ப்யூட்டர் வாங்கினான். தெருவே திரண்டு வந்து டிவியா, டைப்படிக்கிற மெஷினா என்று வேடிக்கை பார்த்தது. பழைய போட்டோவை ஸ்கேனரில் வைத்து உள்ளே இழுத்து, கிழிசலை ஒட்டி, பூஞ்சையைத் துடைத்து, மதுரையில் கேன்வாஸ் துணியிலேயே அச்சடித்து வாங்கி வருவான். அதன் மேல் எண்ணெய் வண்ணத்தால் தீட்டுவான். பாதி மெஷின், பாதி கை. அப்படிச் செய்கிறவன் இந்தச் சீமையில் தான் ஒருவன்தான் என்று அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. செத்துப்போன கரிசல்காட்டுப் பெண்களின் முகங்களை இப்படி வரிசையாகச் செய்து வைத்திருந்ததைப் பார்த்து, மெட்ராஸில் கண்காட்சி வைக்கலாம் என்று ஒரு கேலரிக்காரர்கூடச் சொல்லியிருந்தார்.

அந்த முகங்களில்தான் வினை இருந்தது. இந்தப் பக்கத்துக் காட்டுவேலைப் பெண்களுக்கு உயிரோடு இருக்கும்போது யார் போட்டோ எடுத்தார்கள்? செத்த பிறகுதான் உடம்பைக் குளிப்பாட்டி, நாற்காலியில் சாத்தி, வாய் திறந்துகொள்ளாமல் நாடியைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டி, மாலை போட்டு, டவுனிலிருந்து போட்டோக்காரரைக் கூட்டி வருவார்கள். கண் மூடித்தானே இருக்கும்? அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டீபனிடம் வருவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றையே: "கண்ணை மட்டும் தொறந்து குடுங்க தம்பி."

கையால் திறந்துதான் பார்த்தான். பொம்மைக் கண் மாதிரி வந்தது. ஒருநாள் மத்தியானம் ஞானப்பூவை ஜன்னலோரம் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தான். "எதுக்கு?" என்றாள். "சும்மா" என்றான். அந்தப் போட்டோவிலிருந்து அவள் கண்களை மட்டும் வெட்டி எடுத்து, கம்ப்யூட்டரில் தனி ஃபைலாகப் போட்டு வைத்தான். பரளச்சி கிராமத்தில் செத்துப்போன வெள்ளைத்தாயின் மூடிய இமைகள் மேல் அவற்றைக் கொண்டுபோய் ஒட்டினான். சுற்றிலும் சுருக்கம் சேர்த்து, கருமணி ஓரத்தில் கிழவிகளுக்கு வருகிற நீலத்தை ஏற்றினான். படம் பேசியது. வெள்ளைத்தாயின் மகன் இருளாண்டி அதைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து அழுதான். அதற்கப்புறம் எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி என்று எங்கிருந்து யார் வந்தாலும் அதே கண்ணை எடுத்து ஒட்டினான். ஒரு கண் ஜோடி, ஊர் ஊராகச் சுவர்களில் ஏறி உட்கார்ந்தது. ஞானப்பூவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள் என்றுதான் முதலில் நினைத்தான். போகப்போக, சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்துபோனது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டதை அவன் அப்போது அறியவில்லை.

சந்தனம் அதோடு நிற்கவில்லை. வெள்ளி செவ்வாய்க்கு வந்தது. தூங்கி எழும்போது வந்தது, துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது வந்தது. ஞானப்பூ பயந்து, பிறகு அலுத்து, இடுப்பில் ஒரு துணியைச் செருகிக்கொண்டு துடைத்துக்கொண்டே இருந்தாள். ஆடி அமாவாசையன்று அவள் சாப்பிடவில்லை. காலையிலும் இல்லை, மத்தியானமும் இல்லை.

"பசிக்கலைங்க. வயிறு திம்முனு இருக்கு. எங்கயோ கல்யாண வீட்ல உண்ட மாதிரி."

"என்னத்தைத் தின்ன?"

"ஒண்ணும் திங்கலை." வயிற்றைத் தடவிக்கொண்டாள். "யாரோ கூப்பிட்டாக. வா தாயி, வந்து சாப்பிடு தாயின்னு. ஒருத்தர் இல்ல, நெறையப் பேரு. எல்லாருக்கும் வாரேன் வாரேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

அவள் மூச்சில் எள்ளுருண்டை வாசமும் வாழையிலை வாசமும் அடித்தன. அந்த வீட்டில் அன்று இலையே விரிக்கவில்லை. கழுத்தில் மாலை நார் அறுத்தது போலச் சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. ஸ்டீபன் அன்றைக்கெல்லாம் முன்னறைக்கும் வாசலுக்குமாக நடந்தான். தூரிகையை எடுப்பான், கழுவுவான், மறுபடி வைப்பான். மனதில் ஒன்று தோன்றி வளர்ந்துகொண்டே வந்தது. அதை நேருக்கு நேர் பார்க்க அவனுக்கு நெஞ்சில் உரம் இல்லை.

இரண்டொரு நாள் கழித்து ஞானப்பூ அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். திடீரென்று அரிவாள்மணையைத் தட்டிவிட்டு எழுந்து கத்தினாள்.

"அய்யய்யோ, கன்னுக்குட்டி! கயித்துல சுத்திக்கிருச்சே! கழுத்தை இறுக்குதே! வீட்ல ஒருத்தரும் இல்லையா? ஓடியாங்களேன்!"

ஸ்டீபன் ஓடி வந்தான். அவள் சுவரைப் பார்த்து நின்றாள். அந்தச் சுவரில் ஒரு சல்லடையும் காலண்டரும் தவிர ஒன்றும் இல்லை. அவர்கள் வீட்டில் கன்றுக்குட்டி என்ன, கோழிக்குஞ்சுகூட என்றைக்கும் வளர்த்ததில்லை. அவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கியதும் விழித்து, "செத்துப்போச்சுங்க" என்று தேம்பினாள். "வெள்ளைக் கன்னு. நெத்தியில செவலைச் சுழி. என்னால அசைய முடியலை. பாத்துக்கிட்டே இருந்தேன்."

மறுநாள் அவன் மொபெட்டை எடுத்துக்கொண்டு பரளச்சிக்குப் போனான். இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசல், சீமைக்கருவேலம், தூரத்தில் கரிமூட்டத்துப் புகை. வெயில் மண்டையைப் பிளந்தது. இருளாண்டி வீட்டு முற்றத்தில் நுழைந்ததும் அவன் கண் முதலில் தேடியது கட்டுத்தறியைத்தான். கயிறு கிடந்தது. கன்று இல்லை.

"வாங்க தம்பி, வாங்க. நேத்துத்தான் ஒரு அநியாயம் நடந்துபோச்சு. வெள்ளைக் கன்னு ஒண்ணு நின்னுச்சுல்ல, கயித்துல சுத்திச் செத்துப்போச்சு. எல்லாரும் காட்டுல இருந்தோம். வீட்ல ஆத்தா படம் மட்டுந்தான்."

படம் முற்றத்தைப் பார்த்துக் கதவுக்கு எதிரே தொங்கியது. நெற்றியில் அன்றைய சந்தனமும் குங்குமமும். கழுத்தில் வாடின சம்பங்கி மாலை. கீழே அகல் எரிந்தது. கிழவியின் சுருங்கிய முகத்துக்குள்ளிருந்து ஞானப்பூ அவனைப் பார்த்தாள்.

ஸ்டீபன், "அண்ணே, படத்துல கலர் கொஞ்சம் இறங்கியிருக்கு. கழட்டிக் குடுங்க, சரி பண்ணித் தாரேன்" என்றான்.

இருளாண்டி சிரித்துவிட்டான். "கழட்டித் தாரதா? என்ன தம்பி பேசுறீக! பெத்த ஆத்தாளைச் செவுத்துல இருந்து எறக்குவாகளா? முன்ன நாங்க படையல் போட்டுக் கூப்பிட்டா ஒரு காக்கா வராது. ஒங்க படம் வந்த பெறகு கூப்பிட்ட சத்தத்துக்கு வாராக. கண்ணைச் சிமிட்டுறாக தம்பி! இந்தா, நாங்க எல்லாருமே பாத்தோம். நீங்க நல்லா இருக்கணும்."

அவன் மனைவி முத்துத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர்ச் செம்பை ஸ்டீபன் கையில் கொடுத்து, புருஷன் காதில் விழாதபடி சொன்னாள்: "வாரது எங்க அத்தை இல்ல தம்பி. அத்தை வாசல்ல நிக்காக. கண்ணு தெரியாம நெலைக்கதவைத் தடவிக்கிட்டே நிக்காக. என் கண்ணு எங்க, என் கண்ணு எங்கன்னு கேக்காக. நான் சொன்னா இவுக நம்ப மாட்டேங்காக."

ஸ்டீபன் செம்பை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினான். வாசல் நிலையைத் தாண்டும்போது உடம்பை ஒடுக்கிக்கொண்டு தாண்டினான், யார் மேலும் இடித்துவிடக் கூடாது என்பது போல.

வீட்டில் ஞானப்பூ வாசலிலேயே நின்றாள்.

"பரளச்சிக்கா போனீக?"

"யாரு சொன்னா?"

"தண்ணி குடுத்தாகளே, ஏன் குடிக்கலை?" அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். "ஏங்க, என் கண்ணை வச்சு என்ன செஞ்சீக? ஆண்டவர் மேல ஆணையா நெசத்தைச் சொல்லுங்க."

"ஒண்ணும் செய்யலை ஞானம். நீ போய்ப் படு."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம் பாவி. இரண்டு பேருமாக உட்கார்ந்து யோசித்திருக்கலாம். அவன் ஆர்ட்டிஸ்ட் இல்லையா? தன் கையால் செய்ததைத் தன் கையாலேயே அழித்துவிடலாம் என்று நினைத்தான். படத்தைத்தான் தர மாட்டார்கள். மூலம் நம்மிடம்தானே இருக்கிறது? வேரை வெட்டினால் கிளை எத்தனை நாள் நிற்கும்? முன்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டான். கண் ஃபைலைத் திறந்தான். கறுப்புத் திரையின் நடுவில் முகமில்லாமல் இரண்டு கண்கள். அவை அவனைப் பார்க்கவில்லை, அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்தன. எடுத்த அன்று ஜன்னலைப் பார்த்த கண்கள் அவை. அவன் மூடி, அழித்தான். குப்பைத்தொட்டியையும் காலி செய்தான். ஃபிளாப்பியில் ஒரு நகல் இருந்தது. அதையும் உடைத்து, உள்ளே இருந்த கறுப்பு வட்டைக் கத்தரியால் நறுக்கினான்.

அடுப்படியில் ஏதோ உருண்டது.

"ஏங்க," என்றாள் ஞானப்பூ அங்கிருந்து. "கரண்டு போயிருச்சா?"

தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தடக் தடக்கென்று ஒன்றுகூட நிற்கவில்லை. மேலே விசிறி சுற்றியது. ஜன்னல் வழியாக மூன்று மணி வெயில் தரையில் பாய் விரித்தது போல் கிடந்தது.

அவன் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் அடுப்படி வெயிலின் நடுவில் நின்று கைகளை முன்னால் நீட்டித் துழாவிக்கொண்டிருந்தாள்.

மதுரைக்குக் கூட்டிப் போனான். டாக்டர் மருந்து விட்டு, லைட் அடித்து, மெஷினில் வைத்துப் பார்த்தார். "கண்ணில் ஒரு குறையும் இல்லை, அருமையான கண்" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"ஒண்ணுமே தெரியலையா ஞானம்?"

"தெரியுது. பரளச்சி வீட்ல விளக்கெரியுது. திருச்சுழியில ஒரு வீட்ல புள்ளை அழுவுது, யாரும் தூக்கலை. ரெட்டியபட்டியில பருத்தி மூட்டை அடுக்குறாக." அவள் கண்ணீர் வழிய அவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கண்கள் அவன் காதைத் தாண்டி எங்கோ நின்றன. "ஊரு முழுக்கத் தெரியுது. நம்ம வீடுதான் தெரியலை. உங்களைத்தான் தெரியலை."

அன்றைக்குத்தான் அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை. "அவுகளுக்கெல்லாம் என் கண்ணைக் குடுத்தீக. எனக்கு ஒண்ணு வரைஞ்சு குடுங்க. நம்ம வீட்ல மாட்டுங்க. உங்க முகத்தையாவது பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

அதற்கு மேல் அவனுக்கு என்ன வேண்டும்? கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடினான். ஸ்டாண்டில் பெரிய கேன்வாஸை ஏற்றினான். இந்த முறை மெஷின் கிடையாது, கை மட்டும்தான். ஞானப்பூவை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்தான். சோறு தண்ணி மறந்து வரைந்தான். முகத்தைப் பிடித்தான், காதோர முடியைப் பிடித்தான், வெறும் நெற்றியைப் பிடித்தான். அந்த நாட்களில் அவள் நெற்றியில் சந்தனம் வரவில்லை. அவனுக்கு நம்பிக்கை வந்தது. கண்ணைக் கடைசிக்கு வைத்தான். எந்த ஓவியனும் அப்படித்தான் வைப்பான்.

கண் திறந்தது ஒரு சாயங்காலம். செம்மண் நிறத்தில் வெளிச்சம் இருந்தது. வாசல் கதவு திறந்து கிடந்தது. அவன் வாசலுக்கு முதுகைக் காட்டி, படத்தின் முன்னால் நின்றிருந்தான். வலது கண். பிறகு இடது கண். கருமணியின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. கையை எடுத்தான்.

"ஆ!" என்றாள் ஞானப்பூ நாற்காலியிலிருந்து.

"தெரியுதா?"

"தெரியுது. தெரியுதுங்க!" அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "தாடி இம்புட்டு வளந்திருக்கு. மூக்குல பெயின்ட் ஒட்டியிருக்கு. ஏன் இப்படி எளச்சுப் போயிட்டீக?"

ஸ்டீபன் மூக்கைத் துடைத்தான். விரலில் வெள்ளை வந்தது. அவன் வாய்விட்டு அழுதான். ஆண்டவரே, ஆண்டவரே என்று சொன்னான். எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு விழுந்தது.

அப்போது தறிகள் நின்றன. தெரு முழுக்க ஒரே நேரத்தில். விசிறி தேய்ந்து ஓய்ந்தது. இப்போது நிஜமாகவே கரண்ட் போய்விட்டது. துணிக்கு அடியில் கம்ப்யூட்டரின் யூபிஎஸ் மட்டும் கத்தியது. கீக். கீக்.

"ஏங்க," என்றாள். "வாசல்ல யாரு?"

"யாரும் இல்ல ஞானம்."

"இருக்காக. நெறையப் பேரு. பொம்பளையாளுக." அவள் குரலில் சிரிப்பு போயிருந்தது. "எல்லாரும் நாடியைத் துணியால கட்டியிருக்காக. மாலை போட்டிருக்காக."

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. படத்தையே பார்த்தான். ஈரம் காயாத அந்தக் கண்கள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தன.

"கண்ணு எல்லாருக்கும் மூடியிருக்குங்க. நெலையைத் தடவுறாக. உள்ள வாராக."

சம்பங்கி வாசம். எள் வாசம். சந்தனம்.

"செவுத்தைத் தடவிக்கிட்டே வாராக. ஏங்க, நகருங்க. உங்ககிட்ட வந்துட்டாக."

தரையில் கால் உரசும் சத்தம். ஒரு காலின் சத்தம் இல்லை, பல கால்கள்.

"நகருங்களேன்!"

கீக்.

பின்னாலிருந்து ஒரு கை அவன் கழுத்தைத் தொட்டது. ஈரமாக, குளிப்பாட்டிய உடம்பு போல ஈரமாக. அது அவசரப்படவில்லை. நாடியைத் தடவியது. உதட்டைத் தடவியது. மூக்கை அளந்தது. இன்னொரு கை வந்தது. அதற்கு மேல் இன்னொன்று. காய்ப்பு ஏறிய, பருத்தி எடுத்த கைகள்.

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

விரல்கள் இமை மேல் வந்து நின்றன. தேடியது கிடைத்துவிட்டது என்பது போல நின்றன. பிறகு, வெடிக்காத பருத்திக் காயைப் பிரிப்பது போல, மெதுவாகப் பிரிக்கத் தொடங்கின.

"ஏங்க," என்றாள் ஞானப்பூ, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, நாற்காலியை விட்டு அசைய முடியாமல். "ஏங்க... ஏங்க..."